மழைக்கோட்டின் சத்தமும் காட்டில் நடப்பவரின் காதும்

நெடுநாளாக எழுத எண்ணியிருந்த ஒன்றை, இந்த ஆண்டின் களப்பணிப் பருவம் தொடங்கும் முன் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பொருள் மழைக்கோட்டு. மொழியியல் ஆய்வாளர் மழைக்கோட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், கீழே உள்ள நிகழ்ச்சியை முதலில் படிக்க வேண்டுகிறேன்.

கர்நாடகத்தின் மலைநாட்டுப் பகுதியில், ஆகும்பேயை ஒட்டிய சிற்றூர்களில், காட்டொலிகளுக்கு மக்கள் வழங்கும் பெயர்களைத் தொகுத்து வருகிறேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், வனக்காவல் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒருவருடன் காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். அவர் தலையில் மடித்துப் போட்ட கம்பளி. என் உடலில் இரண்டு மாத உதவித்தொகை மிச்சத்தில் வாங்கிய நைலான் மழைக்கோட்டு. மழை சற்று விட்டிருந்தது. திடீரென அவர் கையை உயர்த்தி நின்றார். நானும் நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் தம் காதைத் தொட்டுக் காட்டி, என் தலைமூடியைக் கழற்றச் சொன்னார். கழற்றிய பிறகுதான் மூங்கில் முறியும் ஓசையும், அதன்பின் கனத்த ஒரு மூச்சும் கேட்டன. வளைவுக்கு அப்பால் காட்டுமாட்டுக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டு ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடமும் நான் கேட்டது என் மழைக்கோட்டின் சலசலப்பை மட்டுமே.

அன்று மாலை ஒலிப்பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது இரண்டாவது பாடம் கிடைத்தது. பேச்சுக் கன்னடத்தில் ஸகர, ஶகர வேறுபாடு யாரிடம் நிலைக்கிறது, யாரிடம் மறைகிறது என்பது என் ஆய்வின் ஒரு சிறு பகுதி. இவ்வுரசொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் திரண்டிருக்கும். நைலான் துணி ஒன்றோடொன்று உராயும் ஓசையும் அதே பரப்பில் விரிந்து கிடக்கிறது. நாற்பது நிமிடப் பதிவில், நான் கை அசைத்த இடங்களிலெல்லாம் எனக்கு வேண்டிய ஒலிகள் புதைந்துபோயிருந்தன. அந்த முதியவர் சொன்ன சொற்கள் இருக்கின்றன. அவர் ஒலித்த விதம் இல்லை.

இந்த இரண்டு இழப்புகளுக்கும் காரணம் ஒன்றே. மழையுடை என்றால் நீர் புகாமல் இருந்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். மழையில் அசையாமல் நிற்பவருக்கு அது போதும். மழையில் நடந்து, ஏறி, கவனித்து, கேட்டு வேலை செய்பவருக்கு அது போதாது. அவருக்கு உடை ஓசை எழுப்பாமல் இருக்க வேண்டும். உடலின் ஈரத்தை வெளியே விடவும் வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேரக் கேட்கும் உரிமை களப்பணியாளருக்கும் வனக்காவலருக்கும் உண்டு என்பதே இப்பதிவின் வாதம்.

இந்த மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தவர்கள் வேட்டைக்காரர்கள். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வேட்டை பொதுவாகச் சட்டவிரோதம். பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவது எல்லாமே அச்சட்டத்தின் 'வேட்டை' என்னும் வரையறைக்குள் அடங்கும். அது அப்படியே இருக்க வேண்டும். ஆனால் விலங்குக்குத் தெரியாமல் மழையில் நடப்பது எப்படி என்ற அறிவு, வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில்தான் மிகுதியாகத் திரண்டிருக்கிறது. ஆல்ப்ஸ் மலை வேட்டைக்காரர்கள் தலைமுறைகளாக உடுத்தும் லோடன் என்னும் துணி, அடித்து இறுக்கிய கம்பளி. அது தூறலைத் தாங்கும், ஆவியை வெளிவிடும், கிளையில் உரசினாலும் ஓசை எழுப்பாது. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகளுக்காக உருவான வென்டைல் என்னும் நெருக்க நெசவுப் பருத்தி, நனையும்போது நூலிழை பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்கிறது. ஓசை குறைவு என்பதாலேயே அதைப் பின்னாளில் காட்டுயிர் ஒளிப்படக்காரர்களும் விரும்பினர். இன்றைய வேட்டை உடைகள் நீர்புகாச் சவ்வின் மேல் மென்மயிர் எழுப்பிய பின்னல் துணியை ஒட்டித் தைக்கப்படுகின்றன. காரணம் எளிது: வழவழப்பான நெசவு உராயும்போது சரசரக்கும்; மயிர்ப்பரப்பு உராய்வை விழுங்கிவிடும்.

நம் காடுகளில் இன்று ஓசையின்றி நடக்க வேண்டியவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர், வேட்டையைத் தடுப்பவர்கள். மழைக்காலத்தில் சுற்றுலா நிற்கிறது, பாதைகள் துண்டிக்கப்படுகின்றன. கள்ளவேட்டைக்கு அது வசதியான காலம். ஆகவே ரோந்து மிகத் தேவைப்படும் மாதங்கள் மழை மிகப் பெய்யும் மாதங்களே. ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 மி.மீ. மழை பெய்யும் மலைச்சரிவில், ஆறு மணி நேரம் நடப்பவரின் உடையைப் பற்றி நாம் எவ்வளவு யோசித்திருக்கிறோம்?

ஓசையை முதலில் எடுத்துக்கொள்வோம். 'மழையே பேரிரைச்சல், அதில் உடையின் ஓசை யாருக்குக் கேட்கும்?' என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மூன்று மறுமொழிகள் உண்டு. முதலாவது, மழையின் இரைச்சல் சீரானது. காது அதற்குப் பழகிவிடும். நடைக்கு ஏற்ப வந்து வந்து நிற்கும் சரசரப்பு அந்தச் சீரைக் குலைக்கிறது. குலைவதைத்தான் காது கவனிக்கும். நம் காதும் அப்படியே, விலங்கின் காதும் அப்படியே. வட அமெரிக்க வெள்ளைவால் மானின் செவி 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் மிகக் கூர்மையானது. நைலான் சரசரப்பு விழும் இடம் அதுவே. இரண்டாவது, மழைக்கோட்டை நாம் மழையில் மட்டும் அணிவதில்லை. மழை விட்டு, இலைகள் சொட்டும் அமைதியில்தான் விலங்குகள் மேய வெளிவருகின்றன. அப்போதும் கோட்டு நம் உடலில்தான் இருக்கிறது. மூன்றாவது மிக முக்கியமானது. விலங்குக்கு நாம் கேட்பது பாதி ஆபத்துதான். நமக்கு விலங்கு கேட்காமற்போவது முழு ஆபத்து. தலைமூடியின் துணி காதிலிருந்து ஒரு விரற்கடைத் தொலைவில் உராய்கிறது. முப்பது அடிக்கு அப்பால் முறியும் மூங்கில் அதனோடு எப்படிப் போட்டியிடும்?

அடுத்து, 'மூச்சுவிடும் துணி' என்ற சொல். மொழியியல் படித்தவளாக இந்த உருவகத்தின் மீது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. துணி மூச்சு விடுவதில்லை. அதன் நுண்துளைகள் வழியே நீராவி நகர்கிறது. அதுவும் உள்ளே ஆவியழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால் மட்டுமே. 1969இல் பாப் கோர், டெஃப்ளான் எனப்படும் பொருளைச் சட்டென இழுத்து நுண்துளைச் சவ்வாக்கலாம் என்று கண்டறிந்ததிலிருந்து தொடங்கிய துணிவகை இது. குளிர்நாட்டில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 பாகை செல்சியஸில் இருக்கும் ஈரத் தோலின் மேல் ஆவியழுத்தம் ஏறத்தாழ 5.6 கிலோபாஸ்கல். வெளியே 5 பாகைக் குளிரில் காற்று ஈரத்தால் நிறைந்திருந்தாலும் அழுத்தம் 0.9க்குக் கீழ்தான். மலைநாட்டு ஆடி மாதத்தில், 22 பாகையும் 95 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் வெளியழுத்தமே 2.5. அதாவது ஆவியை வெளியே தள்ளும் விசையில் மூன்றில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே போய்விட்டது. அதன்மேல் வெளித்துணி முழுதும் நனைந்து நீர்ப்படலம் படர்ந்தால் எஞ்சியதும் பெரிதும் தடைபடும். ஆனால் செங்குத்தாக ஏறும் உடல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்க்கக்கூடும். விளைவு, வெளியிலிருந்து நனையாமல் உள்ளிருந்து நனைகிறோம்.

ஆகவே விற்பனைச் சீட்டில் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். 10,000 மி.மீ. என்றால் பத்து மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். நீங்கள் உலர்ந்திருப்பீர்கள் என்று பொருளல்ல. 'ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் இத்தனை கிராம் ஆவி' என்னும் எண்ணும் அப்படியே. அதை அளக்கப் பல சோதனை முறைகள் உண்டு. ஒரு முறையின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிட இயலாது. எந்த முறை என்று சீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. நம் மழைக்குச் சவ்வை விடத் திறப்புகள் பயன்தருவன. அக்குளின் கீழ் நீண்ட ஜிப், முதுகில் மடல் மூடிய திறப்பு, தளர்வான தைப்பு, இடுப்பளவில் நிற்காமல் தொடைவரை இறங்கும் நீளம் ஆகியவை காற்றை உள்ளே நடமாட விடுகின்றன.

காற்றோட்டத்தை நம் முன்னோர் சவ்வில்லாமலே தீர்த்திருந்தனர். மலைநாட்டில் மூங்கில் சட்டத்தின் மேல் இலைகளை அடுக்கிக் கட்டும் கொரபு, தலையிலிருந்து முதுகுவரை கவிழ்ந்திருக்கும். மேகாலயத்தில் காசி மக்கள் அணியும் க்னுப் என்னும் ஆமையோட்டு வடிவக் கவசமும், மகாராஷ்டிரத்தின் இர்லேயும் இதே கருத்தின் வேறு வடிவங்கள். உடலைத் தொடாமல் நிற்பதால் காற்று எல்லாப் பக்கமும் ஓடும். இரு கைகளும் விடுபட்டிருக்கும். குனிந்து நாற்று நடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான மழையுடை இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாக்கின் ஒரு மூலையை மற்றொன்றுக்குள் மடித்துத் தலையில் கவிழ்க்கும் கொங்காணியும் இந்த வரிசையில் சேரும். ஓசைக்கு வந்தால், மகாராஷ்டிரத்து தன்கர் ஆயர்கள் போர்த்தும் கோங்கடியும், மலைநாட்டில் தலைமூடிபோல் மடித்துப் போடும் கம்பளியும் நம்மூர் லோடன் என்றே சொல்லலாம். அன்று என்னுடன் நடந்தவருக்குக் காட்டுமாடு முதலில் கேட்டதில் அவருடைய இருபதாண்டு அனுபவத்துக்குப் பெரும்பங்கு உண்டு; அவர் தலையில் கிடந்த கம்பளிக்கும் சிறு பங்கு உண்டு.

ஆனால் 'பழையதே நன்று' என்று முடித்துக்கொள்வது நேர்மையன்று. கொரபு திறந்த வயலுக்கானது. புதர் அடர்ந்த காட்டில் நான்கு அடிக்கு ஒருமுறை சிக்கும். கம்பளி நீர்குடித்தால் கனக்கும். ஐப்பசி வரை உலராது. அவரே என்னிடம் சொன்னார்: நல்ல கோட்டு கிடைத்தால் கம்பளியை வீட்டில் விட்டுவிடுவாராம், இரவில் முகாமில் ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்கிப் பார்த்தால் தெரியும் என்றார். வறுமையால் அணிவதை மரபறிவு என்று புகழ்ந்துவிட்டு, நாம் மட்டும் மூவடுக்குக் கோட்டில் நடப்பது ஆய்வாளருக்கு அழகல்ல. அந்த உடைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொருளை அல்ல, கொள்கையை: உடலிலிருந்து விலகி நிற்பது, காற்றை விடுவது, மேற்பரப்பு மென்மையாக இருப்பது.

இனி நடைமுறை. களப்பணிக்குப் போகும் மாணவ நண்பர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

ஒன்று: வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள். கடையின் இரைச்சலில் எல்லாக் கோட்டும் அமைதியானதே. வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன், அமைதியான அறையில் அணிந்து, கைபேசியை ஒரு கை தொலைவில் வைத்து, கைவீசி நடந்து பதிவு செய்யுங்கள். மொழியியல் மாணவர்களிடம் பிராட் மென்பொருள் இருக்கும், இலவசமானது. நிறமாலையில் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் கரும்பட்டை எழுகிறதா என்று பாருங்கள். உங்கள் பழைய பருத்திச் சட்டையோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இரண்டு: தலைமூடியைத் தனியே சோதியுங்கள். மூடியைப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பும்போது மூடியும் திரும்ப வேண்டும். காதருகே இரு விரல்களை உரசினால் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்து மூடியைப் பின்னால் தள்ளிவிடுவதே காட்டில் பாதுகாப்பு.

மூன்று: பத்து நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். உள்ளங்கையை உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். அறையிலேயே நனைந்தால் காட்டில் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியதில்லை.

நான்கு: ஒட்டுப்பட்டைகளைத் தவிருங்கள். வெல்க்ரோவைப் பிரிக்கும் ஓசை ஒரு பறவைப் பதிவை முழுதாகக் கெடுக்கப் போதுமானது. பொத்தானும் நாடாவும் அமைதியானவை.

ஐந்து: பணமில்லாதவர்க்கு ஓர் எளிய வழி. மலிவான மெல்லிய மழைக்கோட்டின் மேல், தளர்வான பழைய பின்னல் சட்டை ஒன்றை அணியுங்கள். அது நனையும், சற்றுக் கனக்கும். ஆனால் நெகிழித்தாளின் சரசரப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். வேட்டை உடைக்காரர்கள் ஒட்டித் தைப்பதை நாம் தனித்தனியே அணிகிறோம், அவ்வளவே. இதைச் செய்த பிறகு என் பதிவுகளில் ஸகரமும் ஶகரமும் பிரிந்து நிற்கின்றன.

தனியாள் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியது நிறுவனங்களின் பொறுப்பு. களப்பணிச் செலவுக் கணக்கில் மழைக்கோட்டின் விலைச்சீட்டை நான் இணைத்தபோது, 'தனிப்பட்ட உடைக்குப் பணம் வழங்க இயலாது' என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அதே கணக்கில் ஒலிவாங்கியின் காற்றுத்தடுப்புப் பஞ்சுக்கு மறுப்பில்லை. ஒலிவாங்கிக்கு அணிவித்தால் அது ஆய்வுக் கருவி. ஆய்வாளர் அணிந்தால் தனிப்பட்ட உடை. சோதனைச்சாலை மேலங்கியை யாரும் தனிப்பட்ட உடை என்று சொல்வதில்லை. மழைக்காட்டில் வேலை செய்பவருக்கு மழையுடையே மேலங்கி. ஆய்வுத் திட்டம் எழுதும்போதே அதைக் கருவிகளின் பட்டியலில், 'ஒலிப்பதிவுத் தரத்துக்கும் களப் பாதுகாப்புக்கும்' என்று காரணம் குறித்து எழுதுங்கள். நெறியாளர்களும் இதை வலியுறுத்த வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டால் அது குறை. எல்லாத் திட்டத்திலும் எழுதப்பட்டால் அது வழக்கம்.

அதைவிட முக்கியமானது, நம்முடன் நடப்பவர்களின் உடை. களத்தில் நமக்கு வழிகாட்டுபவர்களுக்கும் தகவலாளர்களுக்கும் நாள்கூலி கணக்கிடுகிறோம். அவர்களுக்கு ஒரு நல்ல மழையுடையைத் திட்டச் செலவில் சேர்ப்பதில்லை. நான் நடந்த பாதையில் நான் சில வாரங்கள் நடந்தேன்; அவர் ஆண்டுதோறும் நடக்கிறார். வனக்காவலர்களுக்கு மழையுடை வாங்கும் எவரும், ஒப்பந்தப்புள்ளியில் 'வாட்டர்புரூஃப்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், ஓசை, காற்றோட்டம், உலரும் நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதும் முன், அந்த உடையை அணிந்து ஒரு நாள் மழையில் நடந்த காவலரின் கருத்தைக் கேட்க வேண்டும். சொல் குறைவாக இருந்தால் பொருளும் குறைவாகவே வந்து சேரும் என்பது மொழியியலாளர் சொல்லித்தான் தெரிய வேண்டிய உண்மையல்ல.

இந்த ஆண்டு என் உதவித்தொகையில் இரண்டு உடைகள் வாங்கியிருக்கிறேன். அக்குளில் ஜிப் உள்ளவை, மேலே மென்மயிர்த் துணி ஒட்டியவை. ஒன்று அவருக்கு. அவர் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் கையை வீசி உரசிப் பார்த்தார்; பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார்; பிறகுதான் மழையில் இறங்கினார். நான் பிராட்டில் செய்யும் சோதனையை அவர் காதாலேயே செய்து முடித்துவிட்டார். மூடி மட்டும் சற்றுச் சிறியது என்பது அவர் தீர்ப்பு.

வடகிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மழைக்காலக் களப்பணி செய்யும் நண்பர்கள், உங்கள் அனுபவத்தில் எந்த உடை உதவியது, எது ஏமாற்றியது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் பகுதியில் மழையுடைக்கு வழங்கும் சொற்களையும் சேர்த்து எழுதினால் மகிழ்வேன்.